பழைய பிரிட்டிஷ் ஸ்டோன்வேரில் சாப்பிடலாமா, ஊறுகாய் போடலாமா?

லெஸ்டரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சாரிட்டி ஷாப் ஒன்றில் மொத்தமாகச் சில பழைய ஸ்டோன்வேர் பாத்திரங்கள், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான களிமண் பாத்திரங்கள், வாங்கியிருக்கிறார்: அடியில் டென்பி என்ற ஆங்கிலேய ஆலையின் முத்திரை உள்ள பழுப்புத் தட்டுகள் ஆறு, அதே முத்திரையில் மூடியோடு ஒரு கேசரோல், முத்திரையே இல்லாத பெரிய ஜாடி ஒன்று. ஜாடியின் மேல்பாதி தேன் நிறம், கீழ்ப்பாதி வெளிர்மஞ்சள். ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய அம்மா "பழசுல ஈயம் இருக்கும், இதுல சாப்பிடாதே" என்கிறார். நண்பரோ "இதெல்லாம் ஆன்டிக், புழங்கினால் மதிப்பு போய்விடும், அலமாரியில் வை" என்கிறார். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. உடம்புக்குக் கெடுதலா என்பது ஒன்று, புழங்கினால் பொருள் கெடுமா என்பது இன்னொன்று. செராமிக் தொழில்நுட்பம் படித்து, கிளேஸ், அதாவது பாத்திரத்தின் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு, பரிசோதனைக்கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கும், பழைய ஸ்டோன்வேரைத் தேடி வாங்கி வீட்டில் அதிலேயே சாப்பிடுகிறவன் என்ற முறையில் இரண்டாவதற்கும் சொல்கிறேன். தட்டுகள் நீங்கள் சொல்வதுபோல ஒரே பழுப்பாக, சித்திரம் இல்லாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். கேசரோலை ஓவனில் வைக்கலாம், அடுப்பில் வைக்கக் கூடாது. ஜாடியில் மட்டும் சோதித்துப் பார்க்காமல் ஊறுகாய் போடாதீர்கள். இதில் எனக்கு எது உறுதி, எது போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாதது என்று பிரித்துச் சொன்னால்தான் அம்மாவிடம் நீங்கள் பேச முடியும்.

உறுதியானது இது. சாதாரண மண்பாண்டம் 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படுகிறது. சுட்ட பிறகும் அதன் உடலில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். ஸ்டோன்வேர் களிமண்ணை 1200லிருந்து 1300 வரை கொண்டுபோகிறார்கள்; அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. ஈயம் எதற்கு வந்தது என்பதையும் இங்கேயே புரிந்துகொள்ளலாம். குறைந்த சூட்டில் கிளேஸை உருக வைக்க ஒரு துணை வேண்டும். ஈயத்தைப் போல வசதியான துணை பழைய குயவர்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் மண்பாண்டத்தில் நூற்றாண்டுக் கணக்கில் ஈயம் இருந்தது. ஸ்டோன்வேர் சூளையின் சூட்டில் அந்தத் துணை தேவையே இல்லை, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், சுண்ணாம்பு, சாம்பல், துத்தநாகம் இவையே போதும், ஈயம் போட்டாலும் அந்தச் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆக உங்கள் அம்மாவின் பயம் பழைய மண்பாண்டத்துக்கு மிகச் சரி. ஸ்டோன்வேருக்கு அப்படியே பொருந்தாது.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலின் தொடக்கம் என்று சொல்லத்தக்க வருடம் 1672. லண்டனில் ஃபுல்ஹம் பகுதியில் ஜான் டுவைட் என்பவர் ஸ்டோன்வேர் செய்யக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஜெர்மனியின் ரைன் கரையிலிருந்து வந்த ஜாடிகளும் குடுவைகளும்தான் அங்கே புழக்கம். செய்முறையும் ஜெர்மன்காரர்களுடையதுதான்: சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே சாதாரண உப்பை வீசுகிறார்கள், உப்பு ஆவியாகி அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்து பாத்திரத்தின் மேலேயே கண்ணாடியாகப் படிகிறது. ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும் அந்தப் பரப்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டால் பிறகு இருட்டில்கூட அடையாளம் தெரியும். ஈயத்துக்கு இதில் வேலையே கிடையாது. 1815ல் ஜான் டவுல்டன் கால்வைத்த நிறுவனம் லண்டனில் லாம்பெத் பகுதியில் இதே உப்புக் கிளேஸில் பாட்டில், கழிவுநீர்க் குழாய் என்று செய்து வளர்ந்தது, இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அமிலம் வைக்கும் கலன்களும் செய்தது. அமிலத்தையே தாங்குகிற பொருள் புளிக்குழம்புக்குக் கரையாது என்று இதை வைத்தே சொல்லலாம். உப்பை வீசும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும் என்பதால் நகரத்துக்குள் இந்தச் சூளைகள் தொடர முடியாமல் போனது. லாம்பெத் ஆலை 1956ல் மூடப்பட்டது, அதே வருடம்தான் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டமும் வந்தது.

உங்கள் ஜாடி வேறு ரகம். மேலே தேன் நிறம், கீழே வெளிர் நிறம் என்று இரண்டு முக்கு முக்கி எடுப்பதைப் பிரிஸ்டல் கிளேஸ் என்பார்கள். 1835 வாக்கில் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் பவல் கொண்டுவந்தது. உப்பு வீச வேண்டாம், குழம்பு பதத்தில் இருக்கும் கிளேஸில் பாத்திரத்தை முக்கி ஒரே சுடுதலில் முடித்துவிடலாம். ஃபெல்ட்ஸ்பாரும் துத்தநாகமும்தான் இதன் ஆதாரம். இங்கிலாந்து முழுக்க ஜிஞ்சர் பீர் பாட்டிலும் வினிகர் ஜாடியும் இப்படித்தான் வந்தன, நம் வீடுகளில் இருந்த பழைய ஊறுகாய் ஜாடியின் இரட்டை நிறமும் இதே தோற்றம்தான் என்பது உங்களுக்கே பார்த்தவுடன் தோன்றியிருக்கும். ஆக ஜாடியின் கிளேஸைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை வேறு: அதில் முன்பு என்ன இருந்தது? மை, பூட்ஸ் பாலிஷ், அமிலம், பூச்சிமருந்து எல்லாமே ஸ்டோன்வேரில் விற்கப்பட்ட காலம் உண்டு. உள்பக்கம் வழவழவென்று கீறல் இல்லாமல் இருந்தால் கழுவினால் போய்விடும், கிளேஸ் நுணுக்கமாக வெடித்திருந்தால் போகாது. பழைய குப்பை மேடுகளைத் தோண்டி எடுத்து விற்கிற பாட்டில்கள், ஜாடிகள் இருக்கிறதே, அவற்றை அழகுக்கு வையுங்கள், சாப்பாட்டுப் பொருளுக்கு வேண்டாம்.

டென்பி விஷயத்துக்கு வருகிறேன். டெர்பிஷயரில் சாலை போடும்போது 1806ல் நல்ல களிமண் படிவு கிடைத்தது, வில்லியம் போர்ன் அதைக் கையில் எடுத்தார், 1809ல் ஆலை தொடங்கியது, மகன் ஜோசஃப் போர்ன் நடத்தினார். முதலில் முழுக்க உப்புக் கிளேஸ் பாட்டிலும் ஜாடியும்தான். கண்ணாடி மலிவானதும் பாட்டில் வியாபாரம் படுத்தது, சமையலறைப் பாத்திரங்களுக்குத் திரும்பினார்கள். காட்டேஜ் ப்ளூ, மேனர் கிரீன், ஹோம்ஸ்டெட் பிரவுன் என்ற நிறங்களில் 1930களில் வந்த ஓவன் பாத்திரங்கள் 1980களின் தொடக்கம் வரை ஓடின. சேகரிக்கிறவர்கள் அதிகம் தேடுவது அதற்குப் பிந்தைய தலைமுறை: 1956ல் ஆல்பர்ட் காலெட்ஜ் வடிவமைத்த கிரீன்வீட், 1960களில் ஜில் பெம்பர்டன் வடிவமைத்த ஷெவ்ரான், அரபெஸ்க். அரபெஸ்க் காபிப் பாத்திரத்தின் நீண்ட உயரத்தையும் மூடியையும் கைப்பிடியையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் பொருளுக்கு இவ்வளவு அக்கறை எடுத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் வியப்பு வரும். உங்கள் தட்டுகளின் அடியில் பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம் என்று அச்சிட்டிருந்தால் அவை இந்த நூற்றாண்டுக்கு நெருங்கிய காலத்தவை, சுமார் 1970களுக்குப் பிறகு என்று கொள்ளலாம்.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். ஸ்டோன்வேர் என்றாலே ஈயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிளேஸுக்கு மேலே தனியாகத் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்ட நிறங்கள் உண்டு, குறிப்பாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பொன். அந்த நிறங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம், கிளேஸின் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சித்திரம் மட்டும் மங்கலாகவோ மேடாகவோ தனித்துத் தெரிந்தால் அது மேலே தீட்டியது. அதில் சாப்பிடுவதைவிடச் சுவரில் மாட்டுவது நல்லது. இரண்டாவது சிக்கல், ஸ்டோன்வேர் போலத் தெரியும் மண்பாண்டம். யார்க்‌ஷயரின் ஹார்ன்ஸீ ஆலையிலிருந்து 1970களில் வந்த பழுப்பு ஜாடிகளைப் பலர் ஸ்டோன்வேர் என்று விற்கிறார்கள், உடல் மண்பாண்டம்தான். இன்னும் முக்கியமானது வின்ச்கோம். மைக்கேல் கார்டியூ 1926ல் க்ளாஸ்டர்ஷயரில் தொடங்கிய அந்தப் பட்டறையின் பழைய தேன்நிறப் பாத்திரங்கள் ஈயக் கிளேஸ் போட்ட மண்பாண்டங்கள், மனசை அள்ளும் அழகு, ஆனால் ரசம் ஊற்றும் பொருள் இல்லை. அதே பட்டறை ரே ஃபிஞ்ச் கையில் வந்து ஸ்டோன்வேருக்கு மாறிய பிறகு செய்தவை தினசரிப் புழக்கத்துக்கென்றே செய்தவை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இதுதான்.

போட்டோவைப் பார்த்து ஈயம் உண்டா என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. கடையில் விற்கும் தேய்க்கும் பஞ்சுக்குச்சிச் சோதனையையும் நான் நம்புவதில்லை; கிளேஸுக்குள் பூட்டிக் கிடக்கும் ஈயத்தை அது விட்டுவிடலாம், வேறு எதையாவது பார்த்துப் பொய்யாக நிறம் மாறவும் செய்யலாம். எக்ஸ்ரே துப்பாக்கியால் அளந்து காட்டும் எண்ணும் நேரடி விடை இல்லை, பூச்சில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும், சாப்பாட்டில் எவ்வளவு கரைகிறது என்று சொல்லாது. சரியான முறை ஆய்வகத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, கரைந்து வந்ததை அளப்பது. 1984ன் ஐரோப்பிய விதியும் அதையொட்டி 1988ல் வந்த பிரிட்டிஷ் விதியும் கிண்ணம் போன்ற பாத்திரங்களுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஈயம், சமைக்கும் பாத்திரங்களுக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன. அதற்கு முன் 1947ல் கச்சா ஈயக் கிளேஸை நிறுத்த வந்த விதிகள் ஆலைத் தொழிலாளர்கள் விஷப்படாமல் இருக்க வந்தவை, சாப்பிடுகிறவரை மனதில் வைத்து வந்தவை அல்ல. அதனால் "1947க்குப் பிறகு செய்தது, எல்லாம் பத்திரம்" என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது நான் பார்ப்பது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. முதலில் கவிழ்த்து அடி வளையத்தைப் பார்ப்பேன், அங்கே கிளேஸ் இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் மண்பாண்டம் உடனே குடித்துவிடும், ஸ்டோன்வேரில் சொட்டு அப்படியே நிற்கும். பிறகு ஒரு கையில் தளர்வாகப் பிடித்து விரல் முட்டியால் தட்டுவேன், கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வைத்துவிடுவேன். கைப்பிடி ஒட்டும் இடம், மூடியின் குமிழ், வாய் விளிம்பு இந்த மூன்றையும் நகத்தால் தடவுங்கள். ஒட்டுப் போட்டு வண்ணம் பூசிய இடம் வழவழப்பாக, சற்று வெதுவெதுப்பாகத் தட்டுப்படும். ஒட்டிய பசை பெரும்பாலும் புற ஊதா டார்ச்சில் வேறு நிறமாக ஒளிரும், சிறிய டார்ச் ஒன்று பையில் கிடக்கட்டும். ஒட்டுப் போட்ட பாத்திரம் சாப்பாட்டுக்கு ஆகாது, எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும்.

நம் சமையலுக்கு இது எப்படி ஒத்துவரும் என்பதைச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள். மஞ்சள் கறை நல்ல கிளேஸில் நிற்காது. நின்றால் கிளேஸில் வெடிப்பு இருக்கிறது என்று பொருள், அப்போது வெயிலில் ஒரு பகல் வையுங்கள், மஞ்சளின் நிறம் ஒளியில் வெளுக்கும். ப்ளீச் ஊற்றாதீர்கள், வெடிப்புக்குள் போய் உப்பாகப் பூத்துக் கிளேஸையே கிளப்பிவிடும், வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வையுங்கள். எவர்சில்வர் கரண்டி உரசித் தட்டில் சாம்பல் நிறக் கோடு விழுவதைப் பார்த்துத் தட்டு கீறிவிட்டது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். பெரும்பாலும் அது தட்டின் மேல் ஒட்டிய உலோகம்தான், ஆக்ஸாலிக் அமிலம் உள்ள தேய்ப்புப் பொடி போட்டால் போய்விடும். கேசரோலை கேஸ் அடுப்பிலோ ஹாட்பிளேட்டிலோ வைக்கவே கூடாது. கல்சட்டி தாங்குகிற நேரடித் தீயை ஸ்டோன்வேர் தாங்காது, அடியில் சூடு, மேலே குளிர் என்ற வித்தியாசத்திலேயே பிளந்துவிடும். குளிர்ந்த ஓவனில் வைத்து அதனோடு சேர்த்துச் சூடேற்றுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூட்டில் வைக்காதீர்கள், சூடான பாத்திரத்தைச் சிங்க்கில் தண்ணீரில் போடாதீர்கள். தயிர்சாதம், வற்றக்குழம்பு, பொரியல் பரிமாற இதைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரியாது; கனத்த உடம்பு என்பதால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்தால் குழம்பு நெடுநேரம் ஆறாது. மைக்ரோவேவில் வைக்கலாமா என்று தெரிய, காலிப் பாத்திரத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ச்சியாக இருந்தால் சரி, பாத்திரம் சுட்டால் உடலில் ஈரம் ஏறியிருக்கிறது, வேண்டாம்.

மதிப்பு பற்றி. உங்கள் டென்பித் தட்டுகள் சாரிட்டி ஷாப்பில் சில பவுண்டுகளுக்குத் திரும்பத் திரும்பக் கிடைப்பவை, அவற்றை அலமாரியில் பூட்டி வைப்பதால் எந்தச் சொத்தும் சேராது. நண்பர் சொல்வது வேறு வகைக்குப் பொருந்தும். 1870களிலிருந்து டவுல்டன் நிறுவனத்தார் பக்கத்திலிருந்த லாம்பெத் ஓவியப் பள்ளி மாணவர்களை அழைத்து ஈரக் களிமண்ணில் கீறி வரைய வைத்தார்கள். ஹன்னா பார்லோ கீறிய குதிரைகளும் ஆடுகளும், ஜார்ஜ் டின்வொர்த் செய்த உருவங்களும் அப்படி வந்தவை, அடியில் செய்தவரின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கும். சவுத்தாலில் மார்ட்டின் சகோதரர்கள் செய்த, தலையைக் கழற்றக்கூடிய விசித்திரப் பறவை ஜாடிகள் ஏலத்தில் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகின்றன. இவற்றை யாரும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. நடுவில் ஒரு வகை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது: குயவர் பெர்னார்ட் லீச் 1920ல் ஜப்பானியக் குயவர் ஹமடா ஷோஜியோடு கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் தொடங்கிய பட்டறையின் ஸ்டாண்டர்டு வேர். பட்டறையின் குழு வீடுகளில் புழங்கவே செய்த கிண்ணமும் குடுவையும் அவை, பட்டறை முத்திரை மட்டும் இருக்கும், லீச்சின் சொந்த பி.எல். முத்திரை இருக்காது. இருந்தால் விலை எங்கேயோ போகும், போலியும் அங்கேதான் வரும். 1980ஐ ஒட்டி ஃபெதர்ஸ்டோன் சிறையில் கைதிகள் செய்த போலி லீச் பாத்திரங்கள் லண்டன் ஏல நிறுவனங்கள் வரை போய் விற்றன.

முத்திரையிலிருந்து வயதைக் கணிக்க: இங்கிலாந்து என்ற பெயர் அடியில் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின், அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்தது. வடிவமைப்பைப் பதிவு செய்ததைக் காட்டும் வைர வடிவக் குறி 1842லிருந்து 1883 வரை. பதிவு எண் 1884 முதல். ராயல் டவுல்டன் என்றிருந்தால் இருபதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். ஆனால் அதனால் அது ஸ்டோன்வேர் ஆகிவிடாது, பர்ஸ்லெம் ஆலையில் அவர்கள் மண்பாண்டமும் போன் சைனா என்ற எலும்புச்சாம்பல் கலந்த பீங்கானும் ஏராளமாகச் செய்தார்கள். முத்திரையே இல்லாத உங்கள் ஜாடி போன்றவற்றுக்குத் துல்லியமாக வருடம் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

அந்த ஜாடியைச் சோதிக்கும் முறை இதுதான். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்து முகர்ந்து பாருங்கள், வாடை ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டார்ச் அடித்து உள்பக்கம் வலைபோல வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாய்வரை தண்ணீர் ஊற்றி ஒரு செய்தித்தாளின் மேல் இரண்டு நாள் வையுங்கள். தாளில் ஈரம் தெரியாமல், ஜாடியின் வெளிப்பக்கம் வியர்க்காமல் இருந்தால் உப்பும் எலுமிச்சையும் போட அது தயார். தாள் நனைந்தால் குடை வைக்கவோ காய்ந்த பூ வைக்கவோ எடுத்துக்கொண்டு, ஊறுகாய்க்கு வேறு ஜாடி பாருங்கள். அடுத்ததாகத் தட்டுகளின் அடிப்பக்கத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்துப் போட்டால், எந்த வரிசை, ஏறக்குறைய எந்தப் பத்தாண்டு என்று சொல்ல முயல்கிறேன்.